சோபாவுல விழுந்த பள்ளம்

பூவம்மாவுக்கு ஒலகத்துல ஆகாத ஆளுங்க நெறைய பேரு உண்டு. தண்ணி லாரிக்காரன், கீழ்வூட்டு வியாகுலம்மாள், ரேஷன் கடையில எடை போடுறவன், அப்புறம் சொந்த நாத்தனாரு. ஆனா இந்த மழைக்காலம் முடிஞ்சதுலேர்ந்து அத்தினி பேரையும் மன்னிச்சு விட்டுட்டா. மொத்தக் கோவத்தையும் ஒரு சோபா மேல வெச்சிருந்தா.

திருவொத்தியூர் குடியிருப்புல ரெண்டாவது மாடி வூடு. ஒரே ஒரு ஹாலு, அதுல பாதிய அடைச்சிக்கினு அந்த சோபா. பழுப்பு ரெக்சின் போட்டது, மூணு பேரு தாராளமா உக்காரலாம். ஜன்னலோரத்து மூலை பூவம்மாவோட வூட்டுக்காரரு மண்ணாங்கட்டியோட எடம். பகல் ராத்திரி ரெண்டும் அவருக்கு அங்கதான். அந்த மூலைதான் பள்ளம் விழுந்து போச்சு. சும்மா ஏதோ தாழ்ந்துச்சுன்னு நெனைக்காதீங்க. அதுல உக்காந்தா முட்டி ரெண்டும் மோவாக்கட்டைக்கு வந்துடும்.

மண்ணாங்கட்டியால படுக்க முடியாது. முதுகைத் தரையில சாய்ச்சா மூச்சு நெஞ்சுக்குள்ளயே சிக்கிக்கும். துறைமுகத்துக் கரி யார்டுல வேலை பாத்த ஆளு. கப்பல்லேர்ந்து எறங்குற கரி, ஓடுற ரப்பர் பெல்ட்டு மேல ஏறிப் போவும். போற வழியில சிந்துறத வாரி மறுபடி பெல்ட்டு மேல போடணும். ஒரு துண்டை மூக்குல கட்டிக்கினு வாலிபம் பூரா அந்த வேலைதான் பண்ணாரு. துண்டு எவ்ளோதான் தடுக்கும். சிந்துனதுல பாதி பெல்ட்டுக்குப் போச்சு, மீதி அவரு நெஞ்சுக்குள்ள போயி குந்திக்கிச்சு.

சோபாவும் அங்கேர்ந்துதான் வந்துச்சு. காண்ட்ராக்டு முடிஞ்சு ஆபீஸைக் காலி பண்ணப்போ, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கினு போங்கடான்னாங்க. அவரு தோஸ்து தவ்ஃபீக் ஒரு டேபிள் ஃபேனை எடுத்துக்கினான். இன்னொருத்தன் சுவர் கடியாரத்தைக் கழட்டிக்கினான். மண்ணாங்கட்டி நேரா போயி விசிட்டருங்க உக்கார்ற சோபாவப் புடிச்சிக்கினாரு. அத்தினி வருஷத்துல அதுல அவரு ஒரு தபாகூட உக்காந்ததில்ல. கரி ஒட்டிக்கும்னு வேலைக்காரங்க யாரையும் உக்கார வுட மாட்டாங்க. மீன்பாடி வண்டியில ஏத்தி வந்து எறக்குன அன்னிக்குக் குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டிக்கினு, நடுவுல உக்காந்து காலை ஆட்டுனாரு. "பெரிய கலெக்டரு"ன்னு பூவம்மா சிரிச்சா. அன்னிக்கு அது நல்ல சோபாதான்.

கடைசியா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனப்போ டாக்டரம்மா நெஞ்சுப் படத்த வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க. அப்பால கீழ வெச்சிட்டாங்க. "இனிமே இவர இங்கயும் அங்கயும் அலைய வைக்காதீங்கம்மா. வீட்லயே நல்லா நிமிர்ந்து உக்கார வெச்சுப் பாத்துக்கோங்க"ன்னாங்க. கூட வந்த பொண்ணு ரமாபாய்க்கு அது புரிஞ்சுடுச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோ புடிக்கறா மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கினு அழுதா. பூவம்மா அதக் கேட்ட விதமே வேற. நிமிர்ந்து உக்காரணும். சரி, அப்போ அதான் மருந்து. நிமிர்ந்து உக்கார வுடாம பண்றது யாரு? அவளுக்குப் பதில் தெரிஞ்சு போச்சு. வூட்டுக்கு வந்து கதவத் தொறந்ததும் மொதல்ல அந்த சோபாவத்தான் மொறைச்சா.

அன்னியிலேர்ந்து அவ மண்டைக்குள்ள ஒரே கணக்குதான் ஓடுச்சு. பள்ளத்துல உக்கார்றாரு. முட்டி மேல வருது. முட்டி வயித்த அமுக்குது, வயிறு நெஞ்ச அமுக்குது. அமுக்குனா எப்டி மூச்சு வரும்? எனக்கும் உனக்குமே வராது. பள்ளத்த மேடாக்கிட்டா மனுஷன் மூச்சு வுட்டுட்டுப் போறாரு. இதுல பெரிய படிப்பு இன்னா கீதுன்னு ரமாபாய் கிட்ட போன்ல சண்டையே போட்டா. ரமாபாய் "சரிம்மா"ன்னு வெச்சிட்டா.

மொதல்ல பழைய பொடவைங்கள மடிச்சு பள்ளத்துல திணிச்சா. ரெண்டு நாள்ல பொடவையும் உள்ள போச்சு. அப்பால தலகாணிய வெச்சா, அதுவும் போச்சு. "கஸ்மாலம், எத வெச்சாலும் முழுங்குது பாரு"ன்னு சோபாவத் திட்டுனா. மெத்தையத் தூக்கிப் பாத்தா, உள்ள ஸ்பிரிங்கெல்லாம் கடல்காத்துல துருப்புடிச்சு, தொட்டா ஒடையற பதத்துல இருந்துச்சு. ஜன்னலோரத்துல ரெண்டு ஏற்கெனவே ஒடஞ்சி தொங்குது. ஸ்பிரிங்க அப்டியே பிச்சி எறிஞ்சிட்டு ஒரு பலகைய வெச்சா. பலகை எறங்கல. ஆனா மண்ணாங்கட்டியால அதுல உக்கார முடியல. மனுஷன் உடம்புல சதை இருந்தாத்தானே. எலும்பும் பலகையும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிச்சு. கொஞ்ச நேரம் பல்லக் கடிச்சிக்கினு இருந்தாரு, அப்பால வழுக்கி வழுக்கி முன்னாடி வந்துட்டாரு.

"எட்த்துடு பூவு," அப்டின்னாரு. "பள்ளமே தேவல."

"தேவலையாமில்ல. அதுல குந்திக்கினு நீ படுற பாடு எனக்குத் தெரியாதா?"

ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சுன்னு செலவாவுது அவருக்கு. வாதம் பண்ண அவ்ளோ மூச்சு கையில இல்ல.

தவ்ஃபீக் ஞாயித்துக்கெழமை பாக்க வந்தான். இப்போ அவன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல குட்டியானை லோடு வண்டி ஓட்டுறான். ஆஸ்பத்திரிக்காரங்க சொன்னதையும் பலகை கதையையும் பூவம்மா மூச்சு வுடாம சொன்னா. கேட்டுக்கினு இருந்தவன், பலகைய ஒரு தட்டு தட்டிட்டு, "இன்னா அண்ணி நீங்க. பெல்ட்டு போட்டா வேலை முடிஞ்சுது"ன்னான்.

பூவம்மாவுக்கு நெத்தியில அடிச்சிக்கலாம் போல இருந்துச்சு. இங்கேர்ந்து எண்ணூர் வரைக்கும் பழைய கரி பெல்ட்டு இல்லாத வூடு உண்டா? வாசப்படியில மிதியடி அதுதான். ஆட்டுக்கொட்டாய்க்குக் கூரை அதுதான். மழைக்கு ஜன்னல்ல தொங்குறதும் அதுதான். பலகை மாதிரி இடிக்காது, துணி மாதிரி எறங்காது. எல்லாருக்கும் தோணுறது அவளுக்குத் தோணல. தோணாம போனதுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு, அத அவ வாய் வுட்டே சொல்லிட்டா.

"அந்த சனியனாலதானே இந்தாளு இப்டிக் கெடக்குறாரு. அத போயி வூட்டுக்குள்ள இட்டாரணுமா?"

"ரப்பர் இன்னா பண்ணும் அண்ணி. தப்பு பண்ணது கரி," அப்டின்னான் தவ்ஃபீக்.

அடுத்த ஞாயித்துக்கெழமை ஒரு துண்டு பெல்ட்ட சுருட்டி தோள்ல போட்டுக்கினு படியேறி வந்தான். பூவம்மா அத உள்ள வுடல. கீழ கொழாயடிக்கு எட்த்துக்கினு போயி சோப்புத்தூள் போட்டு பொடவை தொவைக்கறா மாதிரி தேச்சா. கருப்பா தண்ணி ஓடுச்சு. ஊத்த ஊத்த ஓடிக்கினே இருந்துச்சு. "இன்னாமே இது கலீஜு, எங்க வாசல்லயா வுடுவ?"ன்னு வியாகுலம்மாள் கத்திக்கினு வந்தாங்க. எதுக்குன்னு கேட்டுட்டு, உள்ள போயி ஒரு தேங்கா நார் பிரஷ்ஷ எட்த்தாந்து குடுத்தாங்க. பூவம்மா தண்ணி வெள்ளையா வர்ற வரைக்கும் வுடல.

மேல தூக்கினு வந்தப்போ, ஓரமா கெடந்த பிளாஸ்டிக் சேர்ல மண்ணாங்கட்டி குந்திக்கினு இருந்தாரு. பெல்ட்ட மடியில வாங்கித் தடவிப் பாத்தாரு. இந்தப் பக்கம் தடவுனாரு, அந்தப் பக்கம் தடவுனாரு. மூஞ்சி மாறிப் போச்சு.

"கரி ஏறுற பக்கம் இது. ரப்பரு தடிப்பா கீது பாரு. இத மேல வெய்யி," அப்டின்னாரு. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, "நல்லா தேச்சிக்கீற. என்னைத் தேச்சாகூட இவ்ளோ வெளுப்பு வராது"ன்னாரு.

தவ்ஃபீக் சிரிச்சான். பூவம்மாவும் சிரிச்சா. எத்தினி மாசம் கழிச்சு அந்த மனுஷன் வாயிலேர்ந்து ஒரு கிண்டல் வந்துச்சு. அப்பவே அவளுக்குப் பாதி நம்பிக்கை வந்துடுச்சு. பாதி என்ன, முழுசாவே வந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க.

அப்பால அந்த வூட்டுல நடந்தது மண்ணாங்கட்டி ராஜாங்கம். சோபாவக் கவுத்துப் போடச் சொன்னாரு. அடித்துணியக் கிழிக்கச் சொன்னாரு. தவ்ஃபீக் கத்தியால பெல்ட்ட அறுக்கப் பாத்து, கத்தி மாட்டிக்கினு நின்னப்போ, "பேமானி, எத்தினி வருஷம் பெல்ட்டுல வேலை பாத்த? தண்ணி ஊத்திக்கினே அறுடா"ன்னாரு. பூவம்மா சொம்புல தண்ணி எட்த்தாந்து சொட்டு சொட்டா வுட்டா. கத்தி வழுக்கிக்கினு போச்சு. அகலமா நாலு பட்டை அறுத்தாங்க. பின்னாடி கட்டையில வெச்சு ஆணி அடிச்சாங்க. ஆணிக்கொண்டை ரப்பரக் கிழிச்சிடும்னு, ஒவ்வொரு ஆணிக்கும் அடியில ஒரு சோடா மூடிய வெச்சு அடிக்கச் சொன்னாரு. பெட்டிக்கடையில போயி சோடா மூடி பொறுக்கினு வந்தது பூவம்மா.

இழுத்துக் கட்டுறதுதான் பெரிய வேலை. பட்டை நுனிய கடப்பாரையில சுத்தி, கடப்பாரைய முன்கட்டையில முட்டுக் குடுத்து நெம்பணும். தவ்ஃபீக் நெம்புனான். பூவம்மா ஆணி அடிச்சா. "இன்னும்," அப்டின்னாரு மண்ணாங்கட்டி. "இன்னும் வலிடா." தவ்ஃபீக்குக்கு கழுத்து நரம்பு பொடைச்சுக்கிச்சு. நாலு பட்டையும் முடிஞ்சப்போ மூணு பேருக்கும் வேர்த்து ஊத்துச்சு, சேர்ல குந்திக்கினு வாயால வேலை பாத்தவருக்கும் சேத்துத்தான்.

சோபாவ நிமிர்த்தி, நாலு காலுக்கும் செங்கல்லு குடுத்து ஒசத்துனாங்க. எழுந்திருக்க சொகமா இருக்கட்டும்னு அதுவும் பூவம்மா யோசனைதான். அதோட மண்ணாங்கட்டி வுடல. நூலு கேட்டாரு. தவ்ஃபீக்க மேல குந்தச் சொல்லிட்டு, பூவம்மாவ சோபாவுக்கு அடியில படுத்து முன்கட்டையிலேர்ந்து பின்கட்டைக்கு நூல டைட்டா புடிச்சுப் பாக்கச் சொன்னாரு.

"தொய்ஞ்சா பெல்ட்டு வயிறு தள்ளிக்கினு நூலத் தொடும். தொடுதா?"

"தொடல."

"நல்லா பாத்தியா?"

"ஒரு வெரலு எடைவெளி கீதுயா. தொடவே இல்ல."

அவரு தலையாட்டுனாரு. "மாட்டுன புதுசுல தொய்யும். அப்பால ரெண்டாவது தபா இழுக்கணும். யார்டுல அப்டித்தான் பண்ணுவோம்"ன்னாரு.

"அது புது பெல்ட்டுக்கு அண்ணாத்த," அப்டின்னான் தவ்ஃபீக். "இது எத்தினி டன்னு சொமந்த பெல்ட்டு. நீள வேண்டியதெல்லாம் நீண்டு முடிஞ்சுது. யானைய குந்த வெச்சாலும் இனிமே தொய்யாது."

மெத்தையப் போட்டு, மேல ஒரு பழைய பொடவைய விரிச்சு, பூவம்மா அவரு கையப் புடிச்சு உக்கார வெச்சா. உக்காந்தாரு. முட்டி, முட்டி இருக்க வேண்டிய எடத்துல இருந்துச்சு. முதுகு நேரா நின்னுச்சு. கழுத்து தோள்லேர்ந்து வெளிய வந்துச்சு. சோபா வந்த மொத நாளு உக்காந்தாரே, அதே ஒசரத்துல இருந்தாரு. பூவம்மா எட்ட நின்னு பாத்தா. "கலெக்டரு"ன்னா. அவரு லேசா ஒரு கால ஆட்டிக் காட்டுனாரு.

டீ போட்டா. தவ்ஃபீக் குடிச்சிட்டு கெளம்புனான். வழியனுப்ப அவ படிக்கட்டு வரைக்கும் போனா. அவன் ஒரு படி எறங்கி, நின்னு, திரும்பிப் பாக்காமலே பேசுனான்.

"ரமாபாய வந்து ரெண்டு நாளு இருக்கச் சொல்லுங்க அண்ணி."

"இன்னாத்துக்கு? இப்பத்தான் சோபா சரியாயிடுச்சே."

"சும்மாதான். அண்ணாத்தைக்கும் ஆசையா இருக்கும்ல."

"அவ வேலைக்குப் போறவ. நல்லா ஆனப்புறம் வரட்டும், வந்து பாக்கட்டும் அவங்கப்பாவ."

தவ்ஃபீக் தலைய சொறிஞ்சிக்கினே எறங்கிப் போயிட்டான். கூட இருந்து வேலை பாத்தவன், அவன் நெஞ்சுலயும் கொஞ்சம் கரி இருக்கத்தானே செய்யும். அதனாலயோ என்னவோ அவன் காதுக்கு மண்ணாங்கட்டியோட மூச்சு நல்லா கேட்டிருக்கு. பூவம்மாவுக்கு அன்னிக்குக் கடப்பாரை சத்தத்துல கேக்காம போச்சு.

உள்ள வந்தா. வூடு அமைதியா இருந்துச்சு. அப்போதான் கேட்டுச்சு.

மண்ணாங்கட்டி நேரா உக்காந்துக்கினு இருந்தாரு. ஸ்கூல் போட்டோவுக்கு உக்காந்தா மாதிரி அவ்ளோ நேரா. முட்டி வயித்த அமுக்கல. வயிறு நெஞ்ச அமுக்கல. எதுவுமே எதையும் அமுக்கல. ஆனா மூச்சு அதே மூச்சுதான். தோளு ரெண்டும் ஒசந்து ஒசந்து எறங்குது. வாய் தொறந்திருக்கு. தொண்டைக்குழி உள்ள உள்ள போவுது. நேத்து பள்ளத்துல எப்டி இருந்துச்சோ அப்டியே இருந்துச்சு. நேத்துக்கு மேலயே இருந்துச்சு.

பூவம்மா ஜன்னல சாத்துனா. மணலி ஃபேக்டரிங்க பக்கமிருந்து காத்து அடிச்சா நாத்தம் வரும், அதுவா இருக்கும்னு. மூச்சு கொறையல. ஜன்னலத் தொறந்தா. ஃபேன் வேகத்தக் கூட்டுனா, கொறைச்சா. முதுகுக்கு ஒரு தலகாணி வெச்சா, எடுத்தா. வாய்ல இழுக்குற மருந்த எட்த்தாந்து அவரு வாய்ல வெச்சு அமுக்குனா. அவரு எல்லாத்துக்கும் ஒத்துழைச்சாரு. கைய தூக்கச் சொன்னா தூக்குனாரு, சாயச் சொன்னா சாஞ்சாரு. மூச்சு மட்டும் யாரு சொல்லையும் கேக்கல.

செய்ய வேற ஒண்ணும் இல்லாம அவ ஹால் நடுவுல நின்னா. இத்தினி நாளா அவளுக்கு அந்த சோபா இருந்துச்சு. திட்டலாம், ஒதைக்கலாம், அத சரி பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்னு காலையில எழுந்திரிக்கலாம். இப்போ அதுல ஒரு குத்தமும் இல்ல. பலகையாட்டம் நிக்குது. டாக்டரம்மா சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு அப்போதான் அவளுக்கு ஒறைச்சுது. ரமாபாய் ஆட்டோ புடிக்கறா மாதிரி ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கினான்னும் ஒறைச்சுது. சோபா ஏன்டா சரியாச்சுன்னு இருந்துச்சு.

மண்ணாங்கட்டி அவளையே பாத்துக்கினு இருந்தாரு. அவருக்கு முன்னாடி பொறந்த ரெண்டு புள்ள தங்காம போனதால, எமன் ஏறெடுத்துப் பாக்கக் கூடாதுன்னு பெத்தவங்க வெச்ச பேரு அவருக்கு. கல்யாணமான புதுசுல, உனக்கு ஒண்ணும் ஆவாது, உன் பேரே காவல்னு பூவம்மா சொல்லுவா. இப்போ அவ மூஞ்சிய அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. அவளுக்கு எல்லாம் புரிஞ்சு போச்சுன்னு அவருக்கும் புரிஞ்சு போச்சு.

"பூவு," அப்டின்னாரு.

"இன்னாயா."

"தொய்ஞ்சிக்கீது." மூச்சு. "பெல்ட்டு."

அவ சோபா பக்கத்துல வந்து நின்னா.

"அதான்... மூச்சு வாங்குது. புதுசா மாட்டுனதாச்சே... தொய்யும்னு சொன்னேன்ல." அதுக்கு மேல முடியாம கொஞ்சம் நிறுத்துனாரு. "நூல எட்த்துப் பாரு."

நூலு டிவி மேல இருந்துச்சு. பூவம்மா எட்த்துக்கினா. தரையில படுத்து சோபாவுக்கு அடியில உள்ள போனா. செங்கல்லு வெச்சதால தலையும் தோளும் தாராளமா போச்சு. முன்கட்டையிலேர்ந்து பின்கட்டைக்கு நூல டைட்டா புடிச்சா. மூஞ்சிக்கு நேரா மேல நாலு கருப்புப் பட்டை. அதுக்கு மேல அவரு. அவரு மூச்சு வாங்குறது பெல்ட்டு வழியா எறங்கி அவ மூஞ்சி மேலயே கேட்டுச்சு. பட்டை அசையவே இல்ல. நூலுக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல காலையில இருந்த அதே ஒரு வெரலு எடைவெளி அப்டியே இருந்துச்சு.

கண்ணுத் தண்ணி ரெண்டு பக்கமும் வழிஞ்சு காதுக்குள்ள எறங்குச்சு. கை ரெண்டும் நூலப் புடிச்சிருந்ததால தொடைக்க முடியல. அடியில இருக்கும்போது யாரு பாக்கப் போறாங்க, வழியட்டும்னு வுட்டுட்டா. சத்தம் மட்டும் வரக்கூடாதுன்னு பல்லக் கடிச்சிக்கினா.

"தொடுதா?" மேலேர்ந்து அவரு கேட்டாரு.

"ஆமாயா," அப்டின்னா பூவம்மா. "நல்லா தொட்டுக்கினு கீது."

"நான் சொன்னேன்ல."

"நீ சொன்னா தப்பாவுமா. தவ்ஃபீக்க வரச் சொல்றேன். இன்னொரு தபா இழுத்துடலாம்."

"இழுத்துட்டா..."

"சரியாயிடும்யா," அப்டின்னா. கொஞ்ச நேரம் நூல வுடாம அங்கயே படுத்துக்கினு இருந்தா.